பதினேழாம் இலக்கக் கோப்பும் ஒரு பொன்விழா மலரும்

சென்ற மாதம் தர்ஷினி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கண்டி கல்வி அலுவலகத்தில் என் மேசைக்கு வந்தவள் அவள். வரலாற்றுப் பாடத்துக்கு ஆசிரிய ஆலோசகர். கெட்டிக்காரி, ஆனால் எதற்கும் அவசரப்படுவாள்.

"டீச்சர், இந்த வருசத்தில இருந்து பிள்ளைகளோட ஆய்வுக் கட்டுரையெல்லாம் கம்ப்யூட்டர்லதான் வரப்போகுது. பைல், மட்ட, நூலு ஒன்னும் கெடையாது. புதுசா வர்ற நடுவர்மாருக்கு ஒரு கைந்நூல் செய்றோம். எப்படி மார்க்ஸ் போடுறதுன்னு நீங்க ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்க."

"எப்படிப் போடக் கூடாதுன்னு வேணும்னா எழுதித் தாறேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் தன்னடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பாள். எனக்குத் தன்னடக்கம் கொஞ்சம் குறைவு என்பது என்னோடு வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். உண்மையாகவேதான் சொன்னேன். மாணவர் வரலாற்று ஆய்வுப் போட்டியில் பல வருடம் நடுவராக இருந்திருக்கிறேன். எத்தனையோ கோப்புகள் என் கையால் போயிருக்கின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு அவற்றில் ஒன்றைப் பற்றிச் சொன்னால் போதும் என்று படுகிறது. அதைச் சொல்ல முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் நாவலப்பிட்டிக்காரி. அப்பா ரயில்வேயில் சிக்னல் பகுதியில் வேலை செய்தார். எனக்கு வரலாறு பிடித்துப்போனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அடிப்பார், வரலாற்று டீச்சர் அடிக்க மாட்டார், அவ்வளவுதான். படிப்பு, கலாசாலை, பயிற்சி எல்லாம் ஒரே மூச்சில் முடிந்தன. முதல் நியமனம் பன்விலப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. அங்கே இரண்டு வருடம் இருந்தேன்.

அந்த இரண்டாவது வருடத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பொன்விழா வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"பத்மா டீச்சர், நீங்கதானே வரலாறு. மலருக்குப் பள்ளிக்கூட வரலாற ரெண்டு பக்கம் எழுதிருங்க. வெள்ளிக்கெழம அச்சுக்குப் போகணும்."

பழைய பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. யாரிடமாவது போய்க் கேட்டிருக்கலாம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சரிவில்தான் இருந்தன, கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் போகவில்லை. வேறு இரண்டு பள்ளிக்கூடங்களின் மலர்களைப் புரட்டினேன். இரண்டிலும் ஒரு நல்ல வெள்ளைக்காரத் துரை பள்ளிக்கூடத்தைத் தொடக்கி வைத்திருந்தார். நம் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் துரை இல்லாமல் போவானேன் என்று நானும் ஒருவரை வைத்தேன். "கருணை உள்ளம் படைத்த துரை ஒருவர் தமது சொந்த நிலத்தை மனமுவந்து அளித்து ஏற்றிவைத்த அறிவுச் சுடர்" என்று எழுதினேன். பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் யாராவது தேடிப் போய்விடுவார்கள் என்கிற அளவுக்குப் புத்தி இருந்திருக்கிறது. தொடங்கிய வருடம் வேண்டுமே. விழா நடக்கும் வருடத்திலிருந்து ஐம்பதைக் கழித்துக்கொண்டேன்.

அதிபருக்கு மிகவும் பிடித்துப்போனது. விழா மேடையில் அந்த வரியைச் சத்தமாக வாசித்தார், எல்லோரும் கைதட்டினார்கள். மலரில் எழுதியவர் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார்கள். அப்போது எனக்கு அது பெரிய மனக்குறை. பிறகு மாற்றலாகி கண்டிக்கு வந்து, அதை மறந்தே போனேன்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்ற பிறகுதான் அலுவலகத்துக்கு வந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் சிவகுருநாதன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் அரை ஆயுள் கழித்தவர், பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை. மெலிந்த ஆள். கோபம் வந்தால் குரல் இறங்கும். மிகவும் கோபம் வந்தால் கேட்கவே கேட்காது, நாங்கள் கிட்டப் போய் நிற்க வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் சீவிய பென்சில் ஒன்று இருக்கும். பேனையால் பிள்ளைகளின் எழுத்தைத் தொடக் கூடாது என்பது அவர் கட்டளை. "நாங்கள் பிழை விட்டால் அழிக்க வேணுமெல்லோ" என்பார்.

போட்டிக்குக் கோப்புகள் வரும் விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். மினுக்குத் தாள், ரெஜிபோம் நுரை அட்டையில் வெட்டிய தலைப்பு, பிளாஸ்டிக் பூ. ஒரு பிள்ளை தலதா மாளிகையை அட்டையில் செய்து கோப்புக்கு மேல் ஒட்டி அனுப்பியிருந்தது. அலுமாரிக்குள் வைக்கவே முடியவில்லை. சேர் முதலில் அலங்காரங்களைக் கழற்றித் தனியே வைப்பார். பிறகு பெயரும் பள்ளிக்கூடமும் உள்ள முதற் பக்கத்தை மண்ணிறத் தாளால் மூடி ஒட்டி, மேலே ஓர் இலக்கம் போடுவார். அதன் பின்தான் வாசிப்பு.

வாசிக்கும் முறையைத்தான் தர்ஷினி கைந்நூலில் முதலாவதாகப் போட வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து வைக்க வேண்டும். பிள்ளை தன் கண்ணால் கண்டது என்றால் "க". ஒருவரிடம் கேட்டது என்றால் "கே". படித்தது என்றால் "ப". இந்த மூன்றிலும் சேராத செய்திக்கு ஒரு வட்டம். வட்டம் கூடினால் புள்ளி குறையும். மூன்று நடுவர்களும் தனித்தனியே புள்ளி போடுவோம். யாருடைய புள்ளியாவது மற்றவர்களுடையதிலிருந்து பத்துக்கு மேல் விலகினால் உட்கார்ந்து பேச வேண்டும். கடைசியில் பிள்ளையை வரவழைத்து நேரில் கேள்வி கேட்போம். மேசைக்கு ஒரு பக்கம் மூன்று கதிரை, மறுபக்கம் ஒரு கதிரை.

ஒரு தடவை கண்டி நகரத்துப் பிள்ளை ஒருத்தி, ஸஹ்ரா என்று பெயர், தன் வாப்பாவின் தையற் கடையைப் பற்றி எழுதியிருந்தாள். "எங்கள் தெருவிலேயே மிகப் பழைய கடை எங்களுடையது" என்ற வரிக்கு சேர் வட்டம் போட்டு, நேர்முகத்தில் மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, உது ஆர் சொன்னது?"

"வாப்பா சேர்."

"மற்றக் கடைக்காரர் என்ன சொல்லினம்?"

அவள் அப்படியே எழுந்து போனாள். அடுத்த வாரம் தெரு முழுவதும் ஏறி இறங்கி விசாரித்த கொப்பியோடு வந்து நின்றாள்.

"நாங்க அஞ்சாவதாம் சேர். முதலாவது மணிக்கூடு திருத்துற கட. வாப்பாக்கு இன்னும் செல்லல்ல."

சேர் அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார். நானும் சிரித்தேன். அஞ்சாவது கடைக்காரருக்காகச் சிரித்த எனக்கு, என்னுடைய துரை ஒரு கணம்கூட நினைவுக்கு வரவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் பதினேழாம் இலக்கக் கோப்பு வந்தது. அலங்காரம் எதுவும் இல்லை. கோடு போட்ட தாள், நீல மை, வெள்ளை நூலால் தைத்திருந்தது. தலைப்பு "எங்கள் பள்ளிக்கூடம் எங்கே தொடங்கியது?" இரண்டாம் பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் ஒரு வரி இருந்தது: "கருணை உள்ளம் படைத்த துரை ஒருவர் தமது சொந்த நிலத்தை மனமுவந்து அளித்து..."

மண்ணிறத் தாள் மூடியிருந்தும் எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரிந்துவிட்டது.

அந்த வரிக்குக் கீழே பிள்ளை எழுதியிருந்தாள்: "பொன்விழா மலர் இப்படிக் கூறுகிறது. இது சரியல்ல என்று நினைக்கிறேன். தோட்டம் கம்பெனிக்குச் சொந்தமானது. துரை சம்பளத்துக்கு வேலை செய்தவர். அவருக்குச் சொந்த நிலம் எப்படி வந்தது?" இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை, அதிபருக்குத் தோன்றவில்லை, கைதட்டிய யாருக்கும் தோன்றவில்லை.

பள்ளிக்கூடம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில்தான் தொடங்கியது என்பது அவளுடைய முடிவு. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ராக்காயி என்ற பெண் தாழ்வாரத்துச் சுவரில் எழுத்து எழுதி வைத்துப் படிப்பித்தாள் என்றும், படிக்கிற பிள்ளைகள் கூடிய பிறகே தோட்டம் ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தது என்றும் எழுதியிருந்தாள். வெவ்வேறு லயங்களில் மூன்று பேர் தனித்தனியே சொல்லியிருந்தார்கள். "சுவரில் எழுத்து இன்னும் இருக்கிறது. மழைச் சாரல் அடிக்கும்போது தெரியும். நான் கண்டேன்" என்றும் இருந்தது. ராக்காயி யாரிடம் எழுத்துப் படித்தாள் என்ற இடத்தில் "தெரியவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. மூன்று பேர் சொன்னதற்கு "கே" வைத்தேன். மழையில் தெரியும் எழுத்துக்கு வட்டம் போட்டேன். "அச்சில் உள்ள ஆதாரத்தை வாய்ச்சொல்லால் மறுக்க முடியாது" என்று ஓரத்தில் எழுதினேன். ஆதாரங்களுக்கு உரிய நாற்பது புள்ளியில் பதினொன்று கொடுத்தேன். தெரிந்தே செய்தாயா என்று யாராவது கேட்டால், பாதி தெரிந்துதான் என்பேன். மற்றப் பாதிக்கு விதிமுறை துணைக்கு வந்தது. விதிமுறைக்குள் ஒளிந்துகொள்வது எங்களைப் போன்ற அலுவலகக்காரருக்குக் கைவந்த கலை.

மற்ற இருவரும் முப்பதுக்கு மேல் போட்டிருந்தார்கள். ஆகவே பேச வேண்டி வந்தது. மூன்றாவது நடுவர் ஓய்வு பெற்ற ஓர் அதிபர், தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார். சேர் நான் வட்டம் போட்ட பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார்.

"ரீச்சர், மற்ற வட்டமெல்லாம் மெல்லிசாப் போட்டிருக்கிறியள். இந்த வட்டம் மட்டும் பேப்பரைக் கிழிக்கப் பாத்திருக்கு. ஏன்?"

"மழையில தெரியுதுன்னு எழுதியிருக்கா சேர். நம்புற மாதிரி இல்ல."

"நம்புறது எங்கடை வேலை இல்லையே. பிள்ளை கண்டதெண்டு எழுதியிருக்கு. ஒருக்காப் போய்ப் பாத்துக்கொண்டு வாங்கோ."

"நானா?"

"வட்டம் போட்ட ஆள்தானே போக வேணும்."

குரல் இறங்கியிருந்தது. மறுநாள் காலை கண்டியில் பஸ் ஏறிப் பன்விலவில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன்.

மாசி மாதம், நல்ல வெயில். பிள்ளையின் பெயர் புவனேஸ்வரி, தரம் பத்து. கோப்பில் வாசித்தபோது நான் ஒரு வாயாடியைக் கற்பனை செய்திருந்தேன். வந்து நின்றது ஒரு கூச்சக்காரப் பிள்ளை. அவளுடைய அம்மா காலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்திருந்தாள். மகள் ஏதோ குற்றம் செய்துவிட்டாள் என்று நினைத்துவிட்டாள் போலும்.

"ஒன்னும் தப்பா எழுதிட்டாளா டீச்சர்? மலர்ல இருக்கிறபடியே எழுதுன்னு பள்ளிக்கூடத்துப் பெரிய சேர் சொன்னாராம். கேக்க மாட்டேன்னுட்டா. இத விட்டுறச் சொல்லுறீங்கன்னா விட்டுருவா டீச்சர்."

"விட மாட்டேம்மா" என்றாள் மகள், நிலத்தைப் பார்த்துக்கொண்டே.

பழைய பிள்ளைக் காம்பராவில் இப்போது உரமூட்டை அடுக்கியிருந்தார்கள். தாழ்வாரத்துச் சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. தேய்ந்த சுண்ணாம்பு, ஆங்காங்கே பாசி. எழுத்தும் இல்லை, கிழுத்தும் இல்லை. எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"எங்கம்மா எழுத்து?"

"காஞ்சிருந்தா தெரியாது டீச்சர். கொஞ்சம் இருங்க."

பீலிக்கு ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வந்தாள். சுவரில் வீசி ஊற்றவில்லை. சுண்ணாம்பு கழன்றுவிடக் கூடாதென்று கையால் அள்ளி மெதுவாகத் தடவினாள். ஈரம் பரவப் பரவச் சுண்ணாம்பு கண்ணாடி போல ஆனது. அதற்கு அடியிலிருந்து தாரால் எழுதிய அ வந்தது. ஆ வந்தது. பிறகு வரிசையாக ஔ வரைக்கும். எழுதிய கை பழகாத கை, கோடுகள் நடுங்கியிருந்தன.

"எல்லாம் கீழயே இருக்கு பாருங்க டீச்சர்" என்றாள் புவனேஸ்வரி. இப்போது அவளிடம் கூச்சம் இல்லை. "நின்னு பாக்க எழுதினதில்ல. தரையில ஒக்காந்த பிள்ளைகளுக்கு எழுதினது. அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு."

நான் அந்தச் சுவரை அறிவேன். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்குப் போகும்போது மழை பிடித்தால் ஒதுங்குவது அந்தத் தாழ்வாரத்தில்தான். இரண்டு வருடம், எத்தனை மழை! சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்தபடி, சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"மலர்ல எழுதினவங்க பேரு இல்ல டீச்சர்" என்றாள் அவள், கையைப் பாவாடையில் துடைத்தபடி. "அவங்கள மட்டும் கண்டுபிடிச்சா ஒரே ஒரு கேள்வி கேக்கணும். அந்தத் தொரயப் பத்தி யாரு சொன்னாங்கன்னு."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சுவர் காய்ந்து எழுத்து மறுபடி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுடைய அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தேன். பஸ் ஏறிக் கண்டிக்குத் திரும்பினேன்.

மறுநாள் சேர் வருவதற்கு முன்பே அலுவலகத்துக்குப் போய்விட்டேன். அவர் பையை வைக்க முன்பே சொன்னேன்.

"சேர், எழுத்து இருக்கு. நான் பாத்தேன். அந்த மலர எழுதினது நான்தான். துரைய நான்தான் வச்சேன். எழுதினவங்கள ஒரு கேள்வி கேக்கணும்னு அந்தப் பிள்ள சொன்னா."

அவர் உட்காரவில்லை. திட்டவும் இல்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு அந்தக் கோப்பில் நான் போட்ட வட்டத்தை அழிறப்பரால் அழித்தார், தாள் கிழியாமல், ஊதி ஊதி. அதற்குப் பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். நடுவர் மேசையில் என் கதிரையைத் தூக்கி, பிள்ளைகள் உட்காரும் மறுபக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"இனி நீங்கள் இந்தப் பக்கம் இருக்கேலாது ரீச்சர். நீங்கள் நடுவரில்லை, ஆதாரம். அந்தப் பிள்ளைக்கு ஒரு கேள்வி இருக்கெண்டு சொன்னியள். நேர்முகத்திலை கேக்கட்டும்."

"எல்லார் முன்னாலயுமா சேர்?"

"மலரை எல்லார் முன்னாலையும்தானே வாசிச்சவை."

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் இடத்துக்கு வேறொருவர் வந்தார். பதினேழாம் இலக்கம் எங்கள் மட்டத்தில் முதலாவதாக வந்து, மாகாணத்தில் இரண்டாவதாக நின்றது. தோட்டப் பள்ளிக்கூடத்துப் பெயர்ப் பலகையில் துரையின் வருடம் இன்னும் இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி நான் எழுதிய கடிதத்தின் பிரதி என்னிடம் உண்டு, பதில் இல்லை. தர்ஷினிக்கும் ஒரு வார்த்தை. கோப்பு கம்ப்யூட்டரில் வந்தாலென்ன, காற்றில் வந்தாலென்ன, வட்டம் போட்டவர் பஸ் ஏறிப் போக வேண்டும். இதைக் கைந்நூலில் பெரிய எழுத்தில் போடு.

நேர்முகத்தன்று புவனேஸ்வரி வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் உடுத்து வந்திருந்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு கதிரை இருப்பதையும், ஒன்றில் நான் இருப்பதையும் பார்த்துத் தயங்கி நின்றாள். சேர்தான் பேசினார்.

"இரும் பிள்ளை. உம்மடை மலரை எழுதினவ இவதான். உங்கடை பள்ளிக்கூடத்திலை ரெண்டு வருசம் படிப்பிச்சவ. கேக்க வேண்டியதைக் கேளும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கொப்பியைத் திறந்து, புதுப் பக்கத்தின் மேலே என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"அந்தத் தொரயப் பத்தி ஒங்களுக்கு யாரு சொன்னாங்க டீச்சர்?"

"யாரும் சொல்லல."

"எங்கயாவது எழுதியிருந்துச்சா?"

"வேற பள்ளிக்கூடத்து மலருங்கள்ல வேற துரைங்க இருந்தாங்க. அதப் பாத்து நானா எழுதினேன்."

"வருசம்?"

"விழா வருசத்தில இருந்து அம்பதக் கழிச்சேன்."

மூன்றாவது கதிரையில் இருந்த ஓய்வு பெற்ற அதிபர் இருமினார். புவனேஸ்வரி நிதானமாக எல்லாவற்றையும் எழுதினாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "கே" போட்டாள். முடிந்துவிட்டது என்று நினைத்து நான் எழப் பார்த்தேன். அவள் பேனையை மூடவில்லை. ஏதோ கணக்குப் பார்க்கிறவள் போலச் சற்று நேரம் யோசித்தாள்.

"நீங்க அங்க ரெண்டு வருசம் இருந்தீங்கன்னு சேர் சொன்னாரு. அந்த ரெண்டு வருசத்தில மழ பெய்யலையா டீச்சர்?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பேஞ்சிச்சு" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டாள்.